பழைய புல்லட்டா? பெயின்ட்டருக்கு முன்னால் ஆயில் பம்ப்பைப் பாருங்கள்

பழைய புல்லட் 350 கைக்கு வந்ததும் பலர் நேராகப் பெயின்டிங் பட்டறைக்குத்தான் போகிறார்கள். டேங்க்கில் கோல்டு லைன், மட்கார்டில் புது குரோம் எல்லாம் வந்த பிறகு எஞ்சினைப் பிரித்தால், கழற்றி மாட்டுவதிலேயே பாதி பெயின்ட் போய்விடும். முதலில் ஆயில், அடுத்து பெட்ரோல், பிறகு கரண்ட். கலர் கடைசி.

1955-ல் மெட்ராஸ் மோட்டார்ஸும் இங்கிலாந்தின் ராயல் என்ஃபீல்டும் சேர்ந்து என்ஃபீல்டு இந்தியாவைத் தொடங்கின. சென்னை திருவொற்றியூர் ஆலையில்தான் இந்த வண்டிகள் உருவாயின. அதே ஊரின் உப்புக்காற்றுதான் இவற்றுக்கு எமன். காசிமேட்டிலிருந்து எண்ணூர் வரை கடலோரத் தெருக்களில் வருஷக்கணக்கில் நின்ற வண்டியென்றால் ஸ்போக் நிப்பிள், டேங்க்கின் அடிப்பாகம், எர்த் ஜாயின்ட் மூன்றும் துருப்பிடித்திருக்கும் என்று வைத்துக்கொண்டே வேலையில் இறங்குங்கள்.

ஸ்பேனரைத் தொடும் முன் எஞ்சின் நம்பரும் சேஸிஸ் நம்பரும் ஆர்.சி.யோடு ஒத்துப்போகின்றனவா என்று பாருங்கள். ஃபிரேமை சாண்ட் பிளாஸ்டிங்குக்கு (மணல் அடித்துத் துருவெடுக்க) கொடுக்கும்போது நம்பர் மேல் தடிமனாக டேப் ஒட்டுங்கள். எண் தேய்ந்துபோன வண்டியை ஆர்.டி.ஓ.வில் காட்டிப் புதுப்பிப்பது பெரிய தலைவலி.

இனி ஆயில். பழைய புல்லட்டில் பிஸ்டனைக் கிராங்க்கோடு இணைக்கும் கனெக்டிங் ராடின் கீழ்முனையில் ரோலர் பேரிங் கிடையாது, ஃப்ளோட்டிங் புஷ் என்ற தனியே சுழலும் உலோக வளையம்தான். ஆயில் படலம் இருக்கும்வரைதான் அதற்கு உயிர். ஆயில் தொட்டி கிராங்க் கேஸோடு சேர்ந்தே வார்க்கப்பட்டது. ஒரு பம்ப் ஆயிலைக் கொடுக்கும், இன்னொன்று திரும்ப இழுக்கும். பம்ப் டிஸ்க் தேய்ந்திருந்தால், வண்டி நிற்கும்போதே தொட்டி ஆயில் கிராங்க் பக்கம் கசிந்து இறங்கிவிடும். கிக்கர் கனக்கும், ஸ்டார்ட் ஆனதும் வெள்ளைப் புகை தள்ளும், பிரீதரில் (எஞ்சினின் காற்றுப்போக்கி) ஆயில் கொட்டும். டிப்ஸ்டிக் காலி என்று காட்டுகிறதே என்று மேலே ஊற்றிவிடாதீர்கள். கிராங்க் பக்க டிரெய்ன் பிளக்கைத் திறந்தால் மொத்த ஆயிலும் அங்கேதான் இருக்கும்.

எஞ்சினின் வலப்பக்க மூடியான டைமிங் கவரைத் திறந்து பம்ப் டிஸ்க்கைக் கையிலெடுங்கள். முகம் முழுக்க ஒரே சீராகப் பளபளத்தால் சரி. வட்டக் கோடுகளும் மங்கிய திட்டுகளும் தெரிந்தால், தட்டையான கண்ணாடி மேல் 1200 நம்பர் எமரி பேப்பரை வைத்து, ஆயில் தொட்டு, எட்டு போடுவதுபோல் தேயுங்கள். திட்டுகள் மறைந்ததும் பெட்ரோலில் கழுவுங்கள். ஒரு துகள் மிஞ்சினாலும் அது புஷ்ஷுக்குத்தான் போகும். பம்ப்பை ஓட்டும் வார்ம் நட்டுக்கு இடது மரை. வழக்கம்போல் திருகினால் இறுகி உடையும். கவரை மூடும் முன் ஃபெல்ட் ஃபில்டரையும், கிராங்க் முனைக்கு ஆயில் போகும் இடத்திலுள்ள கார்க் சீலையும் மாற்றியே ஆக வேண்டும். ஐம்பது ரூபாய் மிச்சம் பிடிக்கும் இடம் இதுவல்ல. கேஸ்கட்டின் ஆயில் துளை சரியாகப் பொருந்துகிறதா என்றும் பார்த்துவிடுங்கள். ஏறக்குறைய இரண்டே கால் லிட்டர் 20டபிள்யூ50 ஊற்றி, ஸ்பார்க் பிளக்கைக் கழற்றிவிட்டு நன்றாகக் கிக் அடியுங்கள். வண்டியை ஸ்டார்ட் செய்ததும் ஆயில் மூடியைத் திறந்தால், திரும்பி வரும் ஆயில் கண்ணுக்குத் தெரிய வேண்டும். தெரியாவிட்டால் உடனே நிறுத்துங்கள்.

டேங்க் துருவுக்கு சிட்ரிக் ஆசிட் போதும். பாரிமுனையில் நைனியப்பன் நாயக்கன் தெருவில் வாங்கலாம். பெட்ரோல் டேப்பைக் கழற்றி ஓட்டையை அடைத்து, லிட்டருக்கு 100 கிராம் வீதம் வெந்நீரில் கரைத்து நிரப்பி, ஒரு ராத்திரி விடுங்கள். காலையில் கொட்டிவிட்டு சமையல் சோடா கரைத்த நீரால் அலசுங்கள். இதற்கப்புறம்தான் பலர் கோட்டை விடுகிறார்கள். நம் ஊர் ஈரக்காற்றில் சுத்தமான இரும்பு கண்ணெதிரே மறுபடி செம்மண் நிறமாகிவிடும். ஹேர் டிரையரால் உடனே உலர்த்தி, பெட்ரோலில் கொஞ்சம் 2டி ஆயில் (டூ-ஸ்ட்ரோக் வண்டி ஆயில்) கலந்து உள்ளே சுழற்றிவிடுங்கள். ஓட்டைக்கு வெல்டிங் வைப்பதென்றால், பெட்ரோல் வாடை துளியும் இல்லாத டேங்க்கை மட்டும் கொடுங்கள். வெடித்தால் உயிர் போகும்.

6 வோல்ட் வண்டியில் லைட் மங்கினால் டைனமோவைத் திட்டும் முன் எர்த்தைச் சுரண்டுங்கள். பவுடர் கோட்டிங் மேல் மாட்டிய எர்த் வயர் இருந்தும் இல்லாததுதான். பிளாட்டினம் பாயின்ட் இடைவெளி 0.35 முதல் 0.40 மி.மீ. டேப்பட் (வால்வு) இடைவெளியை எஞ்சின் ஆறிய பிறகே வையுங்கள்: கம்ப்ரஷன் உச்சத்தில் புஷ்ராடு விரலால் சுழல வேண்டும், மேலும் கீழும் ஆடக் கூடாது. பல போல்ட்டுகளுக்குப் பழைய ஆங்கில மரை. செம்புதாஸ் தெருவில் பழைய போல்ட்டைக் காட்டியே வாங்குங்கள். மெட்ரிக் போல்ட்டை வம்படியாக ஏற்றினால் அலுமினிய மரை பொடிந்துவிடும்.

சிலிண்டரைக் கடைந்து (போர் அடித்து) புது பிஸ்டன் போட்டிருந்தால் முதல் 500 கி.மீ. 50 வேகத்தைத் தாண்டாதீர்கள். சூடானால் அலுமினிய பிஸ்டன் வார்ப்பிரும்பு சிலிண்டரைவிட அதிகம் விரியும். எண்ணூர் எக்ஸ்பிரஸ் சாலையில் கண்டெய்னர் லாரிக்கு முன்னால் பிஸ்டன் இறுகி ஜாம் ஆனால் ஒதுங்கக்கூட இடமிருக்காது. 500 கி.மீ. ஆனதும் ஆயிலைச் சூட்டோடு வடித்து வெளிச்சத்தில் பாருங்கள். சாம்பல் நிற நுண்தூள் சகஜம். மினுங்கும் செதில் வந்தால் வண்டியை நிறுத்திக் கீழ் எஞ்சினைத் திறக்க வேண்டும்.