சோடா கேன்யன் பாதை: மே முதல் அக்டோபர் வரை

மே 18

அமெரிக்காவின் கொலராடோ, மெசா வெர்டே தேசியப் பூங்கா: பாறைப் பொந்துகளில் கட்டிய பழைய வீடுகள் உள்ள இடம். இந்தப் பாதை சோடா கேன்யன் என்ற பள்ளத்தாக்கின் விளிம்புக்குப் போகும்; அங்கிருந்து எதிரே பால்கனி ஹவுஸ் என்ற பாறை வீடு தெரியும். சோடா கேன்யன் பாதைக்குப் போகும் கிளிஃப் பேலஸ் வளையச் சாலை குளிர்காலத்தில் வண்டிகளுக்கு அடைப்பு. இப்போது திறந்திருக்கிறது.

பாதை போக வர 1.9 கி.மீ. ஏற்றம் என்று சொல்ல ஒன்றுமில்லை. நின்று பார்ப்பதையும் சேர்த்து ஒரு மணி நேரம் தாராளம். கணக்குத் தப்புவது சாலையில்தான்: பூங்கா வாசலிலிருந்து வளைந்து வளைந்து 30 கி.மீ.க்கு மேல் வர வேண்டும், முக்கால் மணி நேரம் பிடிக்கும். பால்கனி ஹவுஸுக்குள் போகத்தான் தனி டிக்கெட். இந்த விளிம்பிலிருந்து பார்க்கப் பூங்கா நுழைவுக் கட்டணமே போதும்.

மே 19

பால்கனி ஹவுஸ் கிழக்கு பார்த்தது. காலை வெயில் நேரே சுவரில் விழும். கல் வரிசைகள் தெளிவாகத் தெரியும். மதியம் தாண்டினால் மேலே பாறை பளீரென்றும், கீழே வீடு இருட்டாகவும் ஆகிவிடும். போன் கேமராவில் வெறும் கரும்பொந்துதான் விழும். தாமதமாக வந்துவிட்டால் திரையில் நிழல் பகுதியைத் தொட்டு வெளிச்சத்தைக் கூட்டிக்கொள்ளலாம். பாறை வெளுத்துப் போனால் போகட்டும்.

பூங்காவின் மிகப் பெரிய பாறை வீடான கிளிஃப் பேலஸ் தென்மேற்கு பார்த்தது, அதற்கு மாலைதான் சரி. பெரியதை முதலில் பார்ப்போம் என்று பலரும் இதைத் தலைகீழாகச் செய்து இரண்டையும் நிழலில் பார்த்துவிட்டுப் போகிறார்கள்.

ஜூன் 7

பைனோகுலர் இல்லாமல் வந்தால் பாதி நடை வீண். எட்டு மடங்கு பெரிதாக்கும் 8x42 போதும். பத்து மடங்கு (10x) எடுத்தால் கை நடுக்கம் பெரிதாகத் தெரியும். உட்கார்ந்து முழங்கையை முட்டியில் ஊன்றிக்கொள்ள வேண்டும்.

முதலில் வெறுங்கண்ணால் தேடுங்கள். பாறையில் செங்கோணம் கிடையாது. நேர்க்கோடும் மூலையும் தெரிகிற இடம் மனிதக் கை பட்ட இடம். அங்கே லென்ஸைத் திருப்பினால் கதவுத் துளை, அப்புறம் சுவரைத் துளைத்து வெளியே நீட்டிய உத்தர முனைகள். பால்கனி என்ற பெயர் அந்த உத்தரங்களால் வந்தது. சுமார் 40 அறைகள். தரையில் வட்டக் குழியாக இருப்பவை கிவா, சடங்கு அறைகள். பூங்கா வழிகாட்டியான ரேஞ்சரோடு போகிற கூட்டம் அங்கே 32 அடி ஏணியில் ஏறும். ஓர் ஆள் ஏணியில் நின்றால்தான் கண்ணுக்கு அளவு பிடிபடும்.

ஜூன் 22

காலடியைப் பார்க்காமல் விளிம்புக்கு ஓடுவது இன்னொரு தவறு. பாதையெல்லாம் செம்மண். தென்மேற்குப் பாலைவனங்களிலிருந்து காற்று வாரிக்கொண்டு வந்து மேசா என்கிற இந்தத் தட்டை மலையின் தலையில் படியவைத்த வண்டல். ஈரத்தைப் பிடித்து வைக்கும் மண். அந்தப் பாறை வீடுகளைக் கட்டிய மூதாதைப் புவெப்லோ மக்கள் இந்த மேட்டில்தான் மக்காச்சோளமும் பீன்ஸும் பூசணியும் போட்டார்கள். வயல் மேலே, வீடு கீழே: பாறையில் கை கால் பதியக் கொத்திய குழிகளைப் பிடித்து ஏறி இறங்கினார்கள். நாம் நடப்பது அவர்கள் வேலைக்கு வந்த மட்டத்தில்.

பாதையை விட்டு ஓரத்தில் மிதிக்காதீர்கள். கருத்த, பொருக்குத் தட்டிய மண் உயிருள்ளது. ஒரு மிதி ஆற ஆண்டுக்கணக்காகும்.

ஜூலை 28

பிற்பகல் இடிமழை மாதம். விளிம்பில் ஒதுங்கக் கூரை இல்லை, இருப்பதெல்லாம் குட்டையான ஜூனிபர் மரமும் பின்யோன் பைன் மரமும். இடி காதில் விழுந்தவுடன் வண்டிக்குத் திரும்ப வேண்டும். மழை விட்டதும் செம்மண் செருப்படியில் அப்பிக்கொள்ளும். அந்தக் காலோடு மணற்பாறை மேல் ஏறினால் வழுக்கும். மேடு சுமார் 2,100 மீட்டர் உயரம், காற்று வறண்டது. 'எளிது' என்று எழுதியிருக்கிறதே என்று தண்ணீர் இல்லாமல் வருகிறவர்களுக்குத் தலைவலி நிச்சயம். ஆளுக்கு ஒரு லிட்டர்.

ஜூலை 29

மழைக்கு மறுநாள் பாறையைப் படிக்க நல்ல நாள். மேலே மணற்பாறை, நீர் அதில் மெல்ல இறங்கும். அடியில் களிப்பாறை வந்ததும் இறங்க வழியில்லாமல் பக்கவாட்டில் கசியும். அந்தக் கசிவு உறைந்து, உருகி, கல்லை உதிர்த்து உதிர்த்துத்தான் இந்தப் பொந்துகள் உண்டாயின. கூரையைக் குடைந்த அதே நீர்தான் குடிநீரும். பால்கனி ஹவுஸில் இரண்டு ஊற்றுகள்.

பாறைப் பொந்துகளில் கட்டத் தொடங்கியது 1190களில். 1300க்குள் எல்லோரும் போய்விட்டார்கள். 1276 முதல் 1299 வரை நீண்ட வறட்சி என்று மர வளையங்கள் சொல்கின்றன. அது ஒன்றே காரணமென்று எழுதுவது அவசரம். 'மறைந்த மக்கள்' என்பது அதைவிடத் தப்பு: இன்றும் வாழும் ஹோபி, ஜூனி, ஆகோமா மக்கள் அவர்கள் வழி வந்தவர்கள்.

அக்டோபர் 4

கூட்டம் குறைந்துவிட்டது. பால்கனி ஹவுஸைப் பார்த்ததும் திரும்பிவிடாமல், பைனோகுலரை ஒரு பாறைத் தட்டின் இடது ஓரத்தில் வைத்து வலப்பக்கம் மெல்ல நகர்த்துங்கள். பிறகு அடுத்த தட்டு. பூங்காவில் சுமார் 600 பாறை வீடுகள்; பெரும்பாலானவற்றில் ஒன்று முதல் ஐந்து அறைகள்தான். கண்ணில் படுவது அநேகமாகப் பாதிச் சுவரும் கை அகலத்துக்கு ஒரு கருப்புச் சதுரமும்தான்.