காலால் மூச்சு விடும் ஹார்மோனியம்

ஹார்மோனியம் என்றதும் நமக்கு நாடக மேடையும் பஜனை மடமும்தான் நினைவுக்கு வரும். ஆனால் 1842-இல் பாரிஸில் தெபேன் என்பவர் காப்புரிமை வாங்கிய ஹார்மோனியம் மேசை உயரம் இருக்கும். துருத்தியைக் கால்களால் மிதிக்க வேண்டும். ஐரோப்பாவே பிறகு அதை மறந்துபோனது.

நேற்று இரவு செக் இசையமைப்பாளர் த்வோர்ஷாக்கின் ‘பகடெல்’ என்ற குட்டி இசைத்துண்டுகள் ஐந்தையும் கேட்டேன். 1878-இல் எழுதியது. இரண்டு வயலின், வயலின் குடும்பத்தில் தாழ்ந்த குரல் கொண்ட ஒரு செல்லோ, ஹார்மோனியம். இரண்டுக்கும் நடுவான வயோலா கிடையாது. ப்ராகில் நண்பர் வீட்டில் கூடி வாசிப்பார்களாம். அங்கே இருந்தது ஹார்மோனியம்தான், அதற்கே எழுதிவிட்டார். பலர் இதைப் பியானோவில் ஒப்பேற்றிவிடுகிறார்கள். எனக்கு அது ஒட்டவே இல்லை. பியானோவில் தட்டிய ஸ்வரம் உடனே தேயத் தொடங்கும்; ஹார்மோனியம் செல்லோவோடு சேர்ந்து மூச்சு விடும். நல்லவேளை, இப்போது சிலர் பழைய கருவிகளைப் பழுதுபார்த்து, எழுதியபடியே வாசிக்கிறார்கள்.

இந்தக் கால் ஹார்மோனியத்தில் ‘எக்ஸ்பிரஷன்’ என்றொரு குமிழ் உண்டு. அதை இழுத்தால் காற்று சேமிப்பறையில் தங்காமல் நேரே ஓசை எழுப்பும் உலோக நாக்குகளுக்குப் போகும். பாதம் அழுத்தினால் ஓசை பொங்கும், தளர்த்தினால் தணியும். கால் கொஞ்சம் தடுமாறினால் ஸ்வரமும் தடுமாறும்.

காலையிலும் முதல் பகுதியை இரண்டு முறை போட்டேன். “யார் வீட்டில் பஜனை?” என்று அம்மா சமையலறையிலிருந்து கேட்கிறார்.