85 சுற்றுச் செம்புக் கம்பி

வீட்டில் எல்லோரும் படத்தின் கதையைப் பார்ப்பார்கள். நான் கதாநாயகன் கையில் என்ன வைத்திருக்கிறான் என்று பார்ப்பேன். அவன் அழுதாலும் எனக்குக் கவலை இல்லை. அழும்போது கையை ஆட்டாமல் இருந்தால் போதும்.

படங்களில் வரும் கருவிகளை அச்சு அசலாக மறுபடி செய்து பார்ப்பது என் பொழுதுபோக்கு. பொழுதைப் போக்குவதில் இதற்கு இணையாக ஒன்று இல்லை. இரண்டு ஆண்டுப் பொழுது போன இடம் தெரியவில்லை. காரணமான படம் எழுபதுகளின் பிற்பகுதியில் வந்த ஒரு விண்வெளிப் படம். பெயரைச் சொல்ல மாட்டேன். சொன்னால் நீங்களும் தேடிப் பார்த்துவிட்டு என்னைத் திட்டுவீர்கள். அதில் நாயகன் ஒரு கையடக்கக் கருவியை நீட்டி, புதிய கிரகத்தின் காற்றைச் சோதிக்கிறான். நல்ல காற்றுதான் என்று தெரிந்ததும் தலைக்கவசத்தைக் கழற்றுகிறான். கருவி திரையில் இருப்பது மொத்தம் 11 வினாடி.

இந்தக் கலையில் ஓர் அடிப்படை உண்டு. எந்தக் கருவியும் படத்துக்காக வானத்திலிருந்து குதிப்பதில்லை. நாளைக்குப் படப்பிடிப்பு என்றால் இன்று இரவு யாரோ ஒருவர் கைக்கு அகப்பட்டதை ஒட்டிக் கொடுத்திருப்பார். 1977இல் வந்த ‘ஸ்டார் வார்ஸ்’ படத்தின் ஒளிவாளை எடுத்துக்கொள்ளுங்கள். அரங்கப் பொருள்களுக்குப் பொறுப்பாக இருந்த ரோஜர் கிறிஸ்டியன், லண்டனில் ஒரு புகைப்படக் கடையில் கிராஃப்ளெக்ஸ் ஃப்ளாஷ் கைப்பிடிகளைக் கண்டெடுத்தார். அந்தக் காலத்துப் பத்திரிகைப் புகைப்படக்காரர்கள் கேமராவின் பக்கத்தில் மாட்டிக்கொண்ட, டி அளவு பேட்டரி மூன்று போடும் உலோகக் குழாய் அது. அதன் நடுவே மின்னும் குமிழி வரிசை, டெக்சாஸ் இன்ஸ்ட்ருமென்ட்ஸ் கால்குலேட்டரில் பொடிப்பொடியான எண்களைப் பெரிதாக்கிக் காட்டிய பிளாஸ்டிக் லென்ஸ். அதே படத்தில் கிழவர் ஓபி-வான் கையில் இருக்கும் வாளின் அடிப்பகுதி, தண்ணீர்க் குழாயின் திருகுப்பிடி. ‘கோஸ்ட்பஸ்டர்ஸ்’ படத்தில் பேயை மோப்பம் பிடிக்கும் கருவி, ஷூவுக்குப் பாலிஷ் போடும் இயந்திரம். ‘பேக் டு த ஃப்யூச்சர்’ படத்தின் முடிவில் குப்பையைப் போட்டால் அணுசக்தி தரும் உலை, காபிக் கொட்டை அரைக்கும் கருவி.

இவற்றையெல்லாம் நான் குறைந்தது நூறு பேருக்குச் சொல்லியிருப்பேன். கேட்காதவர்களுக்கும் சொல்லியிருக்கிறேன். பின்னால் நடக்கப்போவதைப் படிக்கும்போது இதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

காற்றுச் சோதிப்பானில் முதலில் எனக்குப் பிடிபட்டவை, மின்னோட்டத்தைக் கட்டுப்படுத்தும் ரெசிஸ்டர்கள். மூன்று இருந்தன. இன்றைய ரெசிஸ்டர்கள் வெளிர் மஞ்சளாகவோ நீலமாகவோ, இரு முனையிலும் சற்றுப் புடைத்து, நாய் கடிக்கும் எலும்பு போல இருக்கும். பழைய கார்பன் கலவை ரெசிஸ்டர் அப்படி இல்லை. அடர்ந்த பழுப்பு உடம்பு, இடுப்பும் இல்லை தொப்பையும் இல்லை, கத்தியால் நறுக்கிய சுண்ணக்கட்டி போல நேர் உருளை. திரையில் இருந்தது அந்த நேர் உருளைதான். சரி, அது எத்தனை ஓம் மின்தடை என்று சொல்லும் வண்ணப் பட்டைகள் என்ன? சிவப்பு, சிவப்பு, அப்புறம் மூன்றாவது. அது சிவப்பு என்றால் 2,200 ஓம். ஆரஞ்சு என்றால் 22,000 ஓம். படப்பிடிப்பில் கிரகத்துக்குச் செவ்வானம் வேண்டும் என்று விளக்குக்கு முன்னால் சிவப்புத் தாள் கட்டியிருந்ததால் நாயகனின் மூக்குகூட ஆரஞ்சாகத்தான் இருந்தது. இரண்டு ரெசிஸ்டர்களையும் திரைக்குப் பக்கத்தில் பிடித்து, ஒரு கண்ணை மூடி, பிறகு மறு கண்ணை மூடி, ஒரு முழு மாலை நின்றேன்.

“இது வேலை செய்யப்போகிறதா?” என்று கேட்டாள் மனைவி.

“இல்லை. வெறும் தோற்றம்தான்.”

“அப்படியானால் எந்த ஓம் வைத்தால் என்ன?”

இப்படிக் கேட்கிறவர்களுக்குப் பதில் சொல்லி என்ன பயன்? ஆரஞ்சை வைத்தேன்.

அடுத்தது ஐசி எனும் மின்னணுச் சில்லு. கறுப்பு உடல், பக்கத்துக்கு 7 கால்களாக 14 கால்கள். மேலே எழுத்துகள் பாதி அழிந்து, 7432 என்ற எண் மட்டும் மிச்சம். பழைய சில்லுகளில் வழக்கமாக இரண்டு வரி இருக்கும். ஒன்று அதன் பெயர். மற்றது பிறந்த நாள். பிறந்த நாளை நான்கு இலக்கத்தில் போடுவார்கள்: முதல் இரண்டு ஆண்டு, அடுத்த இரண்டு வாரம். ஆக 7432 என்றால் 1974ஆம் ஆண்டின் 32ஆம் வாரத்தில் தயாரானது. சிக்கல் என்னவென்றால், அந்தக் காலத்தில் உலகமே பயன்படுத்திய சில்லு வரிசையின் பெயர்களும் 74 என்றே தொடங்கும். அதில் 7432 என்பது, இரண்டு உள்ளீடுகளில் ஒன்று வந்தாலே ‘ஆம்’ என்று சொல்லும் ‘அல்லது’ கதவு. என் நண்பன் ஒருவனும் இதே நோயாளி; அவன் பெயர் என்றான், நான் தேதி என்றேன். அது ‘அல்லது’ கதவு, அல்லது 1974ஆம் ஆண்டு. இரண்டு இரவு தொலைபேசியில் சண்டை. மூன்றாம் இரவு அவன்தான் தணிந்த குரலில் சொன்னான்: “பெயராக இருந்தாலும் தேதியாக இருந்தாலும் நீ அதே 14 கால் சில்லில் அதே 7432ஐத்தானே அச்சிட்டு ஒட்டப்போகிறாய்?” நட்பு பிழைத்தது.

அந்தச் சில்லால் வேறொரு பெரிய உதவி கிடைத்தது. இந்த வகைச் சில்லில் ஒரு காலுக்கும் அடுத்த காலுக்கும் இடைவெளி 2.54 மில்லிமீட்டர். பெரும்பாலும் யார் செய்தாலும் அதே அளவு. படத்துக்குள்ளேயே ஒருவர் அடிக்கோலை மறந்து வைத்துவிட்டுப் போனது மாதிரி. உறைய வைத்த காட்சியில் கால்களுக்கு இடையே உள்ள புள்ளிகளை எண்ணினால் போதும், மற்ற எல்லாவற்றின் அளவும் வந்துவிடும். பக்கவாட்டில் விசிறிபோல் மடிப்புகள் கொண்ட அந்தப் பொன்னிற அலுமினியத் துண்டு, அதிகச் சூட்டைத் தாங்கும் பவர் ரெசிஸ்டர் என்று அப்படித்தான் அளந்து உறுதி செய்தேன். குமிழ்த்திருகும் அப்படியே அகப்பட்டது.

ஒன்றே ஒன்றுதான் பாக்கி. கருவியின் நெற்றியில், நட்டநடுவில் பதித்திருந்த அந்த வட்டம்.

இரண்டு உலோகத் தட்டுகள். அவற்றில் வட்டமாகத் துளைகள். தட்டுகளுக்கு நடுவே செம்பு நிறத்தில் நெருக்கமாகச் சுற்றிய ஏதோ ஒன்று. செம்பு நிறம், சுற்று, தட்டு. இதற்கு மேல் யோசிக்க என்ன இருக்கிறது? மின்சுருள். வானொலி அலைகளைப் பிடிக்கும் தூண்டுசுருள். துளைகள் காற்றோட்டத்துக்காக என்று முடிவு செய்தேன். காற்றுச் சோதிப்பானில் காற்றோட்டம் இருப்பது எவ்வளவு பொருத்தம் என்று என் புத்தியை நானே மெச்சிக்கொண்டேன்.

அந்தச் சுருளைத் தயாரித்த நிறுவனத்தைத் தேடியதில் எட்டு மாதம் போயிற்று. ராணுவ ரேடியோக்களின் பராமரிப்புக் கையேடுகள், பழைய உதிரிபாகப் பட்டியல்கள் எல்லாம் பார்த்தேன். ஓரிடத்திலும் இல்லை. கிடைக்காததே அதன் அருமைக்குச் சான்று என்று எடுத்துக்கொண்டேன். கடைசியில் நானே செய்துவிடுவது என்று இறங்கினேன். சில்லின் கால்களை வைத்துக் கணக்கிட்டதில் விட்டம் 20.5 மில்லிமீட்டர் வந்தது. முப்பரிமாண அச்சில் தட்டும் உருளையுமாக ஒரு கூடு எடுத்தேன், துளைகள் உட்பட. திரையில் 17 கோடுகள் தெரிந்தன. ஐந்து அடுக்கு என்பது என் ஊகம். ஆக, எனாமல் பூசிய செம்புக் கம்பியில் 85 சுற்று. நான்கு முறை எண்ணிக்கை தவறி, ஐந்தாம் முறை முடித்தேன். மீட்டரில் அதன் மின்தூண்டலை அளந்தபோது ஏறக்குறைய 70 மைக்ரோஹென்றி காட்டியது. எதனோடும் இணைக்கப்படாத ஒரு சுருளுக்கு 70 என்ன, 700 என்ன? ஆனாலும் அந்த எண்ணை நோட்டுப் புத்தகத்தில் எழுதி அடிக்கோடு போட்டேன்.

இந்தச் சமயத்தில்தான் என் மாமியார் வந்து தங்கினார். அவருடைய தையல் இயந்திரம் எங்கள் வீட்டில்தான் இருக்கிறது; வரும்போதெல்லாம் தலையணை உறையிலிருந்து திரைச்சீலை வரை ஒரு கை பார்த்துவிட்டுத்தான் போவார். என்னிடம் அதிகம் பேச மாட்டார். மருமகன் இரண்டு ஆண்டாக ஒரே காட்சியைப் பார்த்துக்கொண்டிருப்பது பற்றி மகளிடம் மட்டும் தணிந்த குரலில் ஏதோ கேட்டிருக்கிறார்.

அன்று சுருளைக் கருவியில் பதிக்கும் நாள். ஒப்பிட்டுப் பார்க்கத் திரையில் காட்சியை நிறுத்தி, அந்த வட்டத்தை மட்டும் பெரிதாக்கி வைத்திருந்தேன். அத்தை மூக்குக்கண்ணாடியைத் தேடிக்கொண்டு அந்தப் பக்கம் வந்தார். திரையைப் பார்த்தார். கண்ணாடி நெற்றிக்கு மேல்தான் இருந்தது. அதை இறக்கிப் போட்டுக்கொண்டு மறுபடி பார்த்தார்.

“மாப்பிள்ளை, தையல் சொல்லிக்கொடுக்கும் படமா இது?”

“இல்லை அத்தை, விண்வெளிப் படம்.”

“ஓ.” சற்று நேரம் நின்றார். “நீங்கள் தவறாக நினைக்கக் கூடாது. அந்தப் பாபினில் ஏன் அத்தனை தடித்த நூலைச் சுற்றியிருக்கிறார்கள்? பொத்தான் தைக்கிற நூல் மாதிரி இருக்கிறதே.”

நான் சிரித்தேன். அது தையல் இயந்திரத்தில் அடிநூல் சுற்றும் பாபின் இல்லை, தூண்டுசுருள் என்று விளக்கினேன். துளைகளின் காற்றோட்டம், 17 கோடு, ஐந்து அடுக்கு, மைக்ரோஹென்றி எல்லாவற்றையும் சொன்னேன். அத்தை நடுவில் குறுக்கிடவில்லை. முழுதும் கேட்டுவிட்டு உள்ளே போய், தையல் பெட்டியிலிருந்து ஒன்றை எடுத்து வந்து மேசைமேல், என் வெர்னியர் அளவுகோலுக்குப் பக்கத்தில் வைத்தார்.

இரண்டு உலோகத் தட்டுகள். அவற்றில் வட்டமாகத் துளைகள். தட்டு ஒன்றின் விளிம்பில் துரு, நடுவில் மிச்சம் இருந்த கொஞ்சம் பச்சை நூல். வெர்னியரை எடுத்து அளந்தேன். 20.3 மில்லிமீட்டர். துடைத்துவிட்டு மறுபடி அளந்தேன். அது கூடவும் இல்லை, குறையவும் இல்லை.

குழாய்த் திருகையும் ஷூ பாலிஷையும் ஊர் முழுக்கச் சொன்னவன் நான்தான். என் முதுகுக்குப் பின்னால், பத்தடி தூரத்தில், எட்டு மாதமாக அந்த இயந்திரம் துணி போர்த்திக்கொண்டு நின்றிருக்கிறது.

“செம்பு நிறம் என்றீர்களே, அது காவிப் பழுப்பு” என்று அத்தை மெதுவாகத் தொடர்ந்தார். “கையால் சுற்றியது. இயந்திரத்தில் சுற்றினால் இடது பக்கம் இப்படிக் குவியாது.” இடது பக்கம் குவிந்திருந்ததை நான் ‘அடுக்குச் செறிவு வேறுபாடு’ என்று நோட்டில் எழுதி வைத்திருந்தேன்.

பாபினைக் கேட்டேன். அத்தை தயங்கினார். இருப்பதே மூன்றுதான், ஒன்றைக் கொடுத்துவிட்டால் திரைச்சீலை நின்றுவிடும் என்றார். பிறகு அவர் பார்வை என் சுருள்மேல் விழுந்தது. கையில் எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். கம்பியின் நுனியைப் பிடித்து இழுத்தார். 85 சுற்றும் கட்டைவிரல் நகத்துக்குக்கூடச் சிரமம் தராமல் கழன்று வந்தன. வெறும் கூட்டை இயந்திரத்தில் போட்டுப் பார்த்தார்; மயிரிழை பெரிதாக இருந்தது. நகம் தேய்க்கும் அரத்தால் விளிம்பைச் சுற்றி இரண்டு நிமிடம் தேய்த்தார். உட்கார்ந்துகொண்டது.

இப்போது என் காற்றுச் சோதிப்பானின் நெற்றியில் அத்தையின் பாபின், பழுப்பு நூலோடு, இடது பக்கம் குவிந்து இருக்கிறது. என் தூண்டுசுருள்கூடு திரைச்சீலையின் இரண்டாவது மடிப்பைத் தைத்துக்கொண்டிருக்கிறது. சத்தம் கொஞ்சம் அதிகம் என்கிறார் அத்தை. மற்றபடி நூல் அறுவதில்லையாம்.