அமெரிக்கச் சிறு கல்லூரிக்கு விண்ணப்பம்: திருகோணமலையில் காகிதம் எடுத்த பாடு

மகளுக்கு இடம் கிடைத்து, உதவித்தொகை கிடைத்து, விசாவும் ஒட்டியாகிவிட்டது. ஆனாலும் பாடசாலைக் கந்தோரில் புள்ளிப் பத்திரம் கேட்டபோது வந்த "அப்படியொரு பத்திரம் நாங்கள் குடுக்கிறேல்லை" என்ற பதில் இன்னும் நெஞ்சில் கிடக்கிறது. உயர்தரம் எழுதிவிட்டு அமெரிக்க லிபரல் ஆர்ட்ஸ் கல்லூரிகளுக்கு (கலையும் விஞ்ஞானமும் பரவலாகக் கற்பிக்கும் சிறு கல்லூரிகள்) போட நினைக்கும் பிள்ளைகள் இங்கே நிறையப் பேர் இருக்கிறார்கள். எங்கே இடறுகிறது என்று தெரிந்தால் பாதி அலைச்சல் மிச்சம்.

முதலில் தெரிவு. தரவரிசைப் பட்டியலைத் தூக்கி வையுங்கள். இந்தக் கல்லூரிகளில் தங்குமிடம், சாப்பாடு சேர்த்து வருடச் செலவு 80,000 டொலருக்கு மேல் போகும். ஆகவே பார்க்கவேண்டியது, வெளிநாட்டுப் பிள்ளைக்கு அந்தக் கல்லூரி எவ்வளவு கொடுக்கிறது என்பதைத்தான். பெரும்பாலான கல்லூரிகள் வருடாவருடம் 'கொமன் டேட்டா செட்' என்றொரு ஆவணம் வெளியிடுகின்றன. அதில் எச்6 என்ற பகுதியைத் திறந்தால், எத்தனை வெளிநாட்டு மாணவருக்கு உதவி கிடைத்தது, சராசரி எத்தனை டொலர் என்று இருக்கும். சராசரி 25,000 என்றால், மிச்சம் 55,000ஐ யார் கட்டுவது? அந்தக் கல்லூரியின் பெயரை அப்போதே வெட்டிவிடலாம். முகவர்களிடம் இதைக் கேட்டுப் பயனில்லை. இவ்வகைக் கல்லூரிகள் பொதுவாகத் தரகு கொடுப்பதில்லை, அதனால் அவர்கள் வாயில் இந்தப் பெயர்கள் வருவதுமில்லை. கொழும்பிலுள்ள ஃபுல்பிரைட் ஆணைக்குழுவின் ஆலோசனைப் பிரிவைக் கேளுங்கள்.

ஆமர்ஸ்ட், போடன் போன்றவை பண உதவி கேட்பதை அனுமதித் தீர்மானத்தில் பார்ப்பதில்லை. ஆனால் அவை சிறு ஊர்களில் இருக்கின்றன, போட்டியும் கடும். நகரத்துக்குள் இருக்கும் செயின்ட் போல் நகரின் மகலஸ்டர், போர்ட்லன்டின் ரீட், நியூயோர்க்கில் பெண்களுக்கான பார்னாட் போன்றவை உதவி கேட்பதைக் கணக்கில் எடுப்பவை. அதற்குப் பயந்து உதவி வேண்டாம் என்று போட்டுவிடாதீர்கள். முதலில் கேட்காத வெளிநாட்டு மாணவர் பிறகு கேட்க முடியாது என்பது பல கல்லூரிகளின் விதி.

நகரக் கல்லூரியில் எங்களுக்குப் பெரிதாகப்பட்டது ஒன்றுதான். டிசம்பர் விடுமுறைக்குப் பல கல்லூரிகள் விடுதியைப் பூட்டுகின்றன. ஊருக்கு வந்துபோகக் காசில்லாத பிள்ளைக்கு பஸ்ஸும் தெரிந்த குடும்பமும் ஆஸ்பத்திரியும் கிட்ட இருப்பது தேவை. நகரம் என்றால் கடையில் நின்று உழைக்கலாம் என்று யாராவது சொன்னால் நம்பவேண்டாம். எஃப்-1 என்ற மாணவர் விசாவில் முதல் வருடம் வேலை கல்லூரிக்குள் மட்டும், அதுவும் தவணைக் காலத்தில் வாரம் 20 மணித்தியாலம். இன்னொன்று: கலைப்பிரிவுப் பிள்ளைகளுக்குத்தான் இது என்று கணிதப் பிரிவுக்காரர் விலகவேண்டியதில்லை. கணினி விஞ்ஞானம், பௌதிகம், உயிரியல் எல்லாம் உண்டு. பிரதான பாடத்தை இரண்டாம் வருட முடிவுக்குள் தெரிவுசெய்தால் போதும்.

இனிக் காகிதம். பல கல்லூரிகளுக்கும் பொதுவான 'கொமன் அப்' இணைய விண்ணப்பத்தில் பிள்ளை எழுதும் பகுதியும் 650 சொல் கட்டுரையும் வீட்டிலேயே முடியும். கழுத்தைப் பிடிப்பது பாடசாலை அனுப்பவேண்டிய பகுதி. கடைசி நான்கு வருடத் தவணைப் புள்ளிகள், பாடசாலை அறிக்கை (பாடசாலை நிரப்பும் படிவம்), அதிபர் அல்லது ஆலோசக ஆசிரியர் கடிதம் மூன்றும் வேண்டும். எங்கள் பாடசாலைகள் கொடுப்பது விடுகைப் பத்திரமும் நற்சான்றிதழும். அவற்றை ஏற்கமாட்டார்கள். கந்தோரில் இல்லை என்று சொன்னதும் திரும்பிவிடாதீர்கள், வகுப்பாசிரியரிடம் போங்கள். புள்ளிப் பதிவேடு அங்கேதான் இருக்கும். பிள்ளையிடம் உள்ள தேர்ச்சி அறிக்கைகளை வைத்து ஆங்கிலத்தில் ஒரு அட்டவணையை நீங்களே தட்டச்சு செய்யுங்கள். பதிவேட்டோடு ஒப்பிட்டுச் சரிபார்த்தபின் பாடசாலைக் கடிதத்தலைப்பில் அச்சிட்டு, அதிபரிடம் கையொப்பமும் முத்திரையும் வாங்குங்கள். வேலையை முடித்துக் கையில் கொடுத்தால் மறுக்கிற அதிபர் குறைவு. வெறுங்கையோடு போய்க் கேட்டால் "அடுத்த கிழமை வாங்கோ"தான்.

அட்டவணையோடு பாடசாலையைப் பற்றி ஒரு பக்கக் குறிப்பும் கட்டாயம் வையுங்கள். காரணம் இது: சாதாரணதரத்தில் 75 என்றால் எங்களுக்கு ஏ. அமெரிக்கப் பாடசாலையில் 75 நடுத்தரப் புள்ளி. 78ஐப் பார்த்து இந்தப் பிள்ளை சுமார் என்று நினைத்துவிடுவார்கள். 75இலிருந்து ஏ, 65இலிருந்து பி, 50இலிருந்து சி, 35இலிருந்து எஸ் என்று எழுதுங்கள். வகுப்பில் எத்தனை பேர், பாடமொழி தமிழ், எந்தத் தவணையில் பரீட்சை நடக்கவில்லை என்பதையும் சேருங்கள்.

பரிந்துரைக்கான இணைப்பு அதிபரின் மின்னஞ்சலுக்குப் போகும். பாதி வேளை அது குப்பைப் பெட்டிக்குள் கிடக்கும். பக்கத்தில் இருந்து திறக்க வையுங்கள். நடுவில் அதிபருக்கு இடமாற்றம் வந்தால் முழுவதும் திரும்பத் தொடங்கவேண்டி வரும். ஆகவே ஒக்டோபருக்குள் முடித்துவிடுங்கள்.

பெயர் இன்னொரு பொறி. பிறப்புச் சான்றிதழில் ஒரு மாதிரி, பரீட்சைச் சான்றிதழில் முதலெழுத்தோடு ஒரு மாதிரி, கடவுச்சீட்டில் தகப்பன் பெயர் குடும்பப் பெயராக. எல்லாவற்றையும் கடவுச்சீட்டில் உள்ளபடி எழுதுங்கள், பாடசாலைக் கடிதம் உட்பட. கடவுச்சீட்டு இல்லாவிட்டால் அதைத்தான் முதலில் எடுக்கவேண்டும். டுவோலிங்கோ ஆங்கிலப் பரீட்சையில் அடையாளம் காட்டவும் அது உதவும். அந்தப் பரீட்சையை வீட்டிலிருந்தே எழுதலாம், ஆனால் இடையில் கரண்ட் போனால் அந்த முயற்சி வீண். மின்தடை நாள் விசாரித்துவிட்டு உட்காருங்கள்.

பண உதவிக்காக வருமான விபரம் கேட்கும் 'சி.எஸ்.எஸ். புரொஃபைல்' படிவத்தில் கவனம் வேண்டும். அது கேட்பது வருட வருமானம். கிராம உத்தியோகத்தர் எழுதித் தருவது பெரும்பாலும் மாத வருமானம். கடற்றொழில் செய்யும் குடும்பங்களுக்கு வருமான வரிப் படிவம் இருக்காது. அதற்குப் பதிலாக கிராம உத்தியோகத்தர் கடிதம், பிரதேச செயலாளரின் மேலொப்பம், சத்தியப்பிரமாண மொழிபெயர்ப்பாளரின் ஆங்கிலப் பிரதி மூன்றும் சேரவேண்டும். வெளிநாட்டிலிருந்து மாமா அனுப்பும் காசு வங்கிப் புத்தகத்தில் தெரியும். அதை உறவினர் உதவி என்று அதற்குரிய இடத்தில் காட்டுங்கள். மறைத்தால் வங்கிப் புத்தகமும் படிவமும் முட்டிக்கொள்ளும்.

இந்தப் படிவத்துக்கு முதல் கல்லூரிக்கு 25 டொலர், மேலதிகமாக ஒவ்வொன்றுக்கும் 16. கட்டணச் சலுகைக் குறியீடு தரும்படி கல்லூரிக்கே எழுதிக் கேட்கலாம், சில கொடுக்கும். எங்கள் வங்கி அட்டை பணம் கட்டவில்லை. வெளிநாட்டு இணையக் கொடுப்பனவைத் திறந்துவிடச் சொல்லி ஒரு வங்கிக் கிளையில் கேட்டால் கணக்குத் திறந்த கிளைக்குப் போகச் சொன்னார்கள். கடைசி நாளுக்கு முந்தின பின்னேரம் இப்படி நடந்தால் கை நடுங்கும். அட்டையை ஒரு மாதம் முன்பே சோதித்து வையுங்கள்.

உயர்தரப் பெறுபேறு இல்லாமலே ஜனவரியில் விண்ணப்பிக்கவேண்டி வரும். 2024 பரீட்சையின் பெறுபேறு 2025 ஏப்ரல் கடைசியில்தான் வந்தது, கல்லூரிக்குப் பதில் சொல்லும் நாளோ மே 1. எதிர்பார்க்கும் பெறுபேற்றைப் பாட ஆசிரியரிடம் எழுதி வாங்கி அனுப்புங்கள். பெறுபேறு வந்த அன்றே அதை அனுப்பலாம். இடத்தை உறுதிசெய்யும் முற்பணத்தையும் கட்ட இயலாதென்று எழுதினால் தள்ளிவைக்கிற கல்லூரிகள் உண்டு.

விசா மற்றவற்றைவிட நேராகப் போனது. கல்லூரி அனுப்பும் ஐ-20 படிவம் வந்ததும் செவிஸ் (அமெரிக்க அரசின் வெளிநாட்டு மாணவர் பதிவு) கட்டணம் 350 டொலர், விசா விண்ணப்பம் 185 டொலர். செவிஸ் பற்றுச்சீட்டை அச்செடுத்து வையுங்கள். இரவு ரயிலில் கொழும்புக் கோட்டை போய் இறங்கி நேரே தூதரகத்துக்குப் போகிறவர்கள் ஒன்றைக் கவனியுங்கள். கைபேசியோடு உள்ளே விடமாட்டார்கள். பையையும் பேசியையும் வைத்துக்கொள்ள வெளியில் ஒருவர் நிற்கவேண்டும்.