சுவரிலிருந்து உரித்த ஓவியம்

ஸ்பெயினின் அரகோன் பகுதியில் உள்ள சிஹேனா மடத்துச் சுவரோவியங்கள் 1200-ஐ ஒட்டி வரையப்பட்டவை. 1936-இல் மடம் தீக்கிரையானது. சூட்டில் மஞ்சள் காவி சிவக்கும், அசுரைட் நீலம் கருக்கும். பார்சிலோனா அருங்காட்சியகத்தில் இன்று தெரியும் சாம்பலும் பழுப்பும் ஓவியன் தீட்டியவை அல்ல.

தீயில் மிஞ்சியதை 'ஸ்ட்ராப்போ' முறையில் எடுத்தார்கள். சூடான விலங்குப் பசையில் நனைத்த பருத்தித் துணியை ஓவியத்தின் முகத்தில் ஒட்டுவார்கள். பசை காயும்போது சுருங்கும். அந்த இழுவிசையில் மேல்தோல் அளவுக்கு வண்ணப்படலம் பெயர்ந்து வரும். அதன் முதுகில் சுண்ணாம்பும் கேசின் என்ற பால் புரதமும் கலந்த பசையால் புதுத் துணி ஒட்டிவிட்டு, முகத்துத் துணியை வெந்நீரில் கழற்றுவார்கள்.

சுவரில் ஈரம் இருந்தால் பசை காயாது, பூஞ்சைதான் பிடிக்கும். ஈரச்சாந்து உலர்ந்த பிறகு மேலே தீட்டிய நுணுக்கங்கள் வெந்நீரில் கரைந்துபோகலாம். காய்ந்த கேசினோ விறைப்பானது. காற்றின் ஈரப்பதம் ஏறி இறங்கினால் துணி அசையும், படலம் அசையாது. விரிசல் அங்கேதான் தொடங்கும்.

ஓவியங்களை மடத்துக்கே திருப்பித் தரச் சொல்லி 2025 மே மாதம் ஸ்பெயின் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. உரிமை யாருக்கு என்பது அதில் முடிந்தது. ஏற்கெனவே வெந்த படலம் லாரிக் குலுக்கலைத் தாங்குமா என்பது வேறு கேள்வி, எனக்கு அச்சம்தான்.