ஜிங்தேஜென்: உடைந்த பீங்கானுக்காகவே போகலாம்

முதலில் வயிற்றெரிச்சலைக் கொட்டிவிடுகிறேன். ரயில் நிலையத்திலிருந்து விடுதிக்கு வந்த டாக்சிக்காரர் மீட்டர் போடாமல் 80 யுவான் பிடுங்கிவிட்டார். கிட்டத்தட்ட ஆயிரம் ரூபாய்! விடுதியில் விசாரித்தால் 25 யுவான்தான் ஆகுமாம். பேசாமல் செயலியில் வண்டி பிடியுங்கள்.

சரி, வந்த வேலைக்கு வருவோம். நீல-வெள்ளைப் பீங்கானுக்குத் தாய்வீடு சீனாவின் ஜியாங்ஷி மாகாணத்தில் இருக்கும் இந்த ஊர். மிங், சிங் வம்சப் பேரரசர்களின் அரண்மனைக்கு இங்கிருந்துதான் பாத்திரங்கள் போயின. அரண்மனை ஜாடியில் சின்னக் குறை தெரிந்தாலும் உடைத்துப் புதைத்துவிடுவார்களாம். அந்தச் சில்லுகளைத் தோண்டி, ஒட்டி, அரசச் சூளை அருங்காட்சியகத்தில் வைத்திருக்கிறார்கள். என்னை அசையவிடாமல் நிறுத்தியவை மிங் பேரரசர் ஷுவாந்தே காலத்து (1426–1435) சிள்வண்டு ஜாடிகள். அந்தப் பேரரசருக்குச் சிள்வண்டுச் சண்டை என்றால் உயிர். வண்டு வளர்க்கும் ஜாடியில்கூட டிராகன்! அதன் ஒரு கால் நகங்களை எண்ணிப் பாருங்கள். ஐந்து இருந்தால் பேரரசருக்கு உரியது. நீலம் தடித்த இடங்களில் கறுப்புப் புள்ளிகள் தெரியும். நீல நிறம் தரும் கோபால்ட் தாது வெளிநாட்டிலிருந்து வந்தது, அதில் இரும்பு அதிகம், அதனால் வந்தது. கிட்டே போய்ப் பார்த்தால் அவ்வளவு அழகு.

இந்தப் படங்கள் எதுவும் சும்மா அலங்காரம் இல்லை. பிளந்த மாதுளை பிள்ளைச் செல்வத்துக்கு, பீச் பழம் நீண்ட ஆயுளுக்கு. அலையைத் தாண்டும் கெண்டை மீன், தேர்வில் வென்று பதவி பெறுகிறவருக்கு. பைனும் மூங்கிலும் பிளம் பூவும் சேர்ந்திருந்தால் பனியிலும் தளராத மன உறுதி. இதைத் தெரிந்துகொண்டு போனால் ஒவ்வொரு ஜாடியும் யாருக்கோ சொன்ன வாழ்த்தாகத் தெரியும். நம் ராமநாதபுரம் பெரியபட்டினத்திலும் சீனப் பீங்கான் சில்லுகள் கிடைத்திருக்கின்றன. கடல் தாண்டி அவ்வளவு தூரம் போயிருக்கிறது இந்த மண்.

அப்புறம், திங்கட்கிழமை விடியுமுன் கூடும் பழம்பொருள் சந்தை. டார்ச் அடித்துக்கொண்டு சுற்ற அருமையான இடம், ஆனால் வாங்காதீர்கள். 'மிங் ஜாடி' என்று 3,000 யுவான் சொன்னவர் நான் நகர்ந்ததும் 300க்கு வந்துவிட்டார். எந்தப் பேரரசர் காலத்தது என்று சொல்ல அடியில் இருக்கும் ஆறெழுத்து முத்திரையை நம்பவே கூடாது. மிங்குக்குப் பின்னால் வந்த சிங் பேரரசர் காங்ஷி காலத்துக் குயவர்களே மிங் முத்திரை போட்டிருக்கிறார்கள். அசலாகவே இருந்தாலும், 1911க்கு முந்தைய பொருட்களை நாட்டைவிட்டு எடுத்துப்போகச் சீனச் சட்டம் விடாது. போலி என்றால் காசு வீண்.

அந்தக் காசில் சாப்பிடுங்கள்! மிளகாயும் பூண்டும் ஊறுகாயும் போட்டுப் பிசைந்த குளிர்ந்த அரிசி நூடுல்ஸ், முள்ளங்கி அடைத்து ஆவியில் வேகவைத்த காரக் கொழுக்கட்டை. எல்லாம் சேர்த்து டாக்சிக்காரர் பிடுங்கியதில் கால் பங்குகூட ஆகவில்லை. காரம் சுள்ளென்று ஏறும். சீனச் சாப்பாடு சப்பென்று இருக்கும் என்பவர்களை இங்கே கூட்டி வர வேண்டும்.

பழைய சூளை வளாகத்தையும் விட்டுவிடாதீர்கள். சுடாத மண் மேல் தூரிகையால் கோடு போடுகிறார்கள். அப்போது வெறும் சாம்பல் கறுப்பு. மண் உடனே உறிஞ்சிவிடுவதால் அழித்து எழுத முடியாது. மெருகு பூசி 1,300 டிகிரி அளவில் சுட்ட பிறகுதான் நீலம் வரும். கிளம்புமுன் ஒன்று: அருங்காட்சியகங்கள் பல திங்கட்கிழமை மூடியிருக்கும், அதனால் ஞாயிறே பார்த்து முடித்துவிட்டு மறுநாள் சந்தைக்குப் போங்கள்.