அணுஉலை இல்லாத கரையில் ஓராண்டு

ராமநாதபுரம் மாவட்டக் கடற்கரை ஊரான வேதாளையில், முதல் நாளே படகுக்கார அண்ணன் கேட்டுவிட்டார். "தம்பி, அணுஉலை கூடங்குளத்துல இருக்கு, கல்பாக்கத்துல இருக்கு. நீங்க எதுக்கு வேதாளையில வந்து தண்ணி மொள்ளுறீங்க?"

பதில் சொல்லப் பத்து நிமிஷம் ஆனது. அதற்குள் விஷயம் வேறு பக்கம் போய்விட்டது. ஆய்வுத் தலைப்பில் 'அணுமின் நிலையங்களின் கதிரியக்கம் சாராத சுற்றுச்சூழல் விளைவுகள்' என்று இருந்தது. 'கதிரியக்கம் சாராத' என்பது யார் காதிலும் விழவில்லை. இரண்டே நாளில் பக்கத்து ஊர் புதுமடம் வரை பேச்சு: இங்கேயும் உலை வரப்போகிறது, ஆள் வந்து கடலை அளக்கிறான். அந்தத் தலைப்பை அச்சடித்து அட்டையில் ஒட்டிப் படகில் கொண்டு போனது என் முட்டாள்தனம். ஊர்ப் பெரியவர்கள் முன்னால் நின்று விளக்கிய பிறகுதான் படகு கிளம்பியது.

அவர்களிடம் சொன்னதையே இங்கேயும் சொல்கிறேன். அணுமின் நிலையம் என்றதும் எல்லோருக்கும் கதிர்வீச்சுதான் நினைவுக்கு வரும். அதைப் பார்க்க அணுசக்தி ஒழுங்குமுறை வாரியம் இருக்கிறது. ஆனால் உலை கடலுக்குள் அன்றாடம் விடுவது சூட்டை. உலையில் உண்டாகும் வெப்பத்தில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்குதான் மின்சாரமாகிறது. மீதியைக் கடல்நீர்தான் வாங்கிக்கொண்டு போக வேண்டும். 1000 மெகாவாட் உலை ஒன்று, உள்ளே இழுத்த நீரை 7 டிகிரி கூடுதல் சூட்டோடு திருப்பி விடுகிறது என்று வைத்துக் கணக்குப் போட்டால், நொடிக்குச் சுமார் 70 கனமீட்டர் நீர் தேவை. நம் ஊருக்கு வரும் 12,000 லிட்டர் தண்ணீர் லாரியில் நொடிக்கு ஆறு லாரி. இரவும் பகலும்.

அந்த 7 நானாகச் சொன்ன எண் இல்லை. கடல்நீரால் குளிர்விக்கும் புதிய அனல்மின் நிலையங்களுக்கு மத்திய அரசு 1998இல் வைத்த வரம்பு அது. சுற்றியுள்ள நீரைவிட 7 டிகிரிக்கு மேல் கூடக் கூடாது. சரி, 'சுற்றியுள்ள நீர்' எவ்வளவு சூடு? என் வேலை முழுக்க அந்த ஒரு கேள்விதான். உலையின் விளைவு என்பது ஒரு கழித்தல் கணக்கு. கழிக்க வேண்டிய எண் கையில் இல்லாதவன் உலையைக் குற்றம் சொல்லவும் முடியாது, நல்லது என்று சான்று கொடுக்கவும் முடியாது. உலை இல்லாத கரை ஒன்றில் கடல் தானாக எவ்வளவு ஏறி இறங்குகிறது என்று பார்க்கத்தான் நான் சொந்த ஊருக்கு வந்தேன்.

அனுமதி, கடிதம், கையெழுத்து இதையெல்லாம் விட்டுவிடுகிறேன். வாங்கினேன், அவ்வளவுதான்.

முதல் சிக்கல் வெப்பமானியில். மூன்று கருவிகளை ஒரே வாளியில் போட்டால் மூன்றும் ஒரே எண் காட்டவில்லை. ஒன்றுக்கும் இன்னொன்றுக்கும் 0.6 டிகிரி வித்தியாசம். உருகும் பனிக்கட்டியில் வைத்துச் சுழியம் பார்க்கலாம் என்று, மீன் இறங்கும் இடத்தில் ஐஸ் வாங்கி நொறுக்கி எவர்சில்வர் டம்ளரில் போட்டேன். மூன்றும் சுழியத்துக்குக் கீழே போயின! கருவிகள்தான் போச்சு என்று ஒரு ராத்திரி முழுக்கத் தூக்கம் இல்லை. காலையில்தான் புத்தியில் உறைத்தது: மீன் கூடையிலும் ஈரத் தரையிலும் புரண்ட ஐஸ் அது, உப்பு ஏறியிருக்கும். உப்பு சேர்ந்தால் சுழியத்துக்குக் கீழேதான் உருகும். காய்ச்சி வடித்த நீரை வீட்டு ஃபிரிட்ஜில் உறைய வைத்துத் திரும்பப் பார்த்தேன். ஒரு கருவிதான் தப்பு. அதற்கு எவ்வளவு கழிக்க வேண்டும் என்று முதல் பக்கத்தில் எழுதி வைத்தேன். அம்மா மட்டும், மீன் குழம்பு வைக்க இடமில்லாமல் ஃபிரிட்ஜ் முழுக்க என்னடா இது என்று ஒரு வாரம் திட்டினார்.

அடுத்தது குளோரின். உலைக்குள் நீர் போகும் குழாய்களில் கொட்டலசு, ஆளி போன்ற ஓட்டுயிர்கள் ஒட்டி வளர்ந்து அடைத்துக்கொள்ளும். அதைத் தடுக்கக் குளோரின் சேர்க்கிறார்கள். கடல்நீரில் புரோமைடு இருப்பதால், போட்ட குளோரினில் பெரும்பகுதி உடனே புரோமின் சேர்மமாகிவிடும். சோதனை இரண்டையும் சேர்த்துத்தான் காட்டும். குளோரின் இருந்தால், டி.பி.டி. என்ற சோதனைப் பொடி போட்டதும் இளஞ்சிவப்பு வர வேண்டும். எடுத்த இடத்திலேயே பார்த்துவிட வேண்டும். வெயிலில் வைத்துக் கரைக்குக் கொண்டு வந்தால் ஒன்றும் மிஞ்சியிருக்காது.

உலை இல்லாத வேதாளையில் குளோரின் சுழியமாக இருக்க வேண்டும். எனக்கோ மெல்லிய ரோஸ் நிறம் வந்தது. ஒரு முறை இல்லை, மூன்று முறை. எங்கிருந்து வருகிறது என்று கடலையே சந்தேகப்பட்டேன். கடைசியில் பார்த்தால், குப்பிகளை நான் கழுவியது காவிரிக் கூட்டுக் குடிநீர்க் குழாயில். அதில் குளோரின் இல்லாமல் இருக்குமா! அன்றிலிருந்து மூன்று தடவை கடல்நீரிலேயே அலசிவிட்டுத்தான் நீர் பிடிப்பது. அந்த மாத எண்களை அடித்துவிட்டு, ஏன் அடித்தேன் என்று பக்கத்திலேயே எழுதினேன்.

கரைந்த ஆக்சிஜன் பார்ப்பது அண்ணனுக்குப் பிடித்த வேலை. நீரைக் குமிழ் இல்லாமல் குப்பியில் நிரப்பி, மாங்கனீஸ் சல்ஃபேட்டும் காரக் கரைசலும் விட்டு மூடினால் உள்ளே பழுப்பு மேகம் திரளும். "கருப்பட்டிக் காப்பி போட்டுட்டியா?" என்பார். கொஞ்ச நாளில், நிறம் வெளுத்தால் ஆக்சிஜன் குறைவு, கருத்தால் அதிகம் என்று குப்பியைப் பார்த்தே சொல்ல ஆரம்பித்துவிட்டார். பெரும்பாலும் சரியாகவே இருந்தது. நீர் சூடேறினால் அதில் ஆக்சிஜன் குறைவாகத்தான் கரையும். உலைநீரின் சூட்டோடு சேர்த்து இதையும் பார்ப்பது அதனால்தான்.

மீன் முட்டையும் குஞ்சும் எண்ணுவதைப் பற்றி எழுத ஆசையில்லை. கண்ணி மிக நுண்ணிய வலையை மெதுவாக இழுத்து, சேர்ந்ததை ஃபார்மலினில் போட்டு, நுண்ணோக்கியில் ஒவ்வொன்றாக எண்ண வேண்டும். கழுத்து வலியும் கண்ணெரிச்சலும்தான் நினைவில் நிற்கின்றன. ஆனால் உலையில் பெரிய மீன்களைச் சல்லடை தடுத்துவிடும், கூடங்குளத்தில் காற்றுக்குமிழித் திரையும் வைத்திருக்கிறார்கள். முட்டையும் குஞ்சும் நீரோடு உள்ளே போய்ச் சூட்டையும் குளோரினையும் தாண்டித்தான் வெளியே வர வேண்டும். கரையில் இயல்பாக எத்தனை இருக்கின்றன என்று தெரியாமல் எத்தனை போயின என்று யார் சொல்வது?

மாதம் இரண்டு முறை போனால் மட்டும் போதாது என்பதால், கால் மணிக்கு ஒரு முறை தானாகச் சூட்டைக் குறித்துக்கொள்ளும் சிறிய பதிவுக் கருவி மூன்றைச் சிமென்ட் கல்லில் கட்டி இறக்கினோம். மேலே மிதவையாகச் சின்னப் போயா. வலை மாட்டினால் யார் பொறுப்பு என்று கேட்டார்கள். வேலை முடிந்ததும் கல்லை எடுத்துவிடுவேன் என்று வாக்குக் கொடுத்தேன்.

நாற்பது நாள் கழித்து முதல் கருவியைத் தூக்கியபோது அது கருவி மாதிரியே இல்லை. தீப்பெட்டி அளவு இருந்தது எலுமிச்சம்பழமாக உப்பியிருந்தது. முழுக்கக் கொட்டலசு, நடுவில் கொஞ்சம் பாசி, ஒரு குட்டி நண்டு வேறு. கத்தியால் சுரண்டச் சுரண்டக் கை கிழிந்தது. உலைக்காரர்கள் ஏன் குளோரின் போடுகிறார்கள் என்பது அன்றைக்குத்தான் எனக்கு விரலில் புரிந்தது. நல்லவேளை, உள்ளே எண்கள் பத்திரமாக இருந்தன. அதற்குப் பிறகு பதினைந்து நாளைக்கு ஒரு தரம் சுரண்டினோம்.

கச்சான் என்னும் தென்மேற்குக் காற்று தொடங்கியதும் எங்கள் பக்கத் தென்கடல் கலங்கிவிட்டது. மண்டபத்துக்கு அந்தப் பக்கம் வடகடல் குளம் மாதிரி கிடக்கிறது, இந்தப் பக்கம் படகு நிற்கவில்லை. ஜூலையில் ஒரு நாள்கூடப் போக முடியவில்லை. அட்டவணையில் அந்த வரி காலியாக இருக்கிறது. முன்மாதத்தையும் பின்மாதத்தையும் கூட்டிப் பாதியாக்கிப் போட்டுவிடலாம் என்று ஒருவர் யோசனை சொன்னார். போடவில்லை.

ஆண்டு முடிந்து பார்த்தபோது, தை மாதக் காலையில் 26 டிகிரிக்குப் பக்கத்தில் இருந்த அதே இடம், சித்திரை மதியத்தில் 32ஐத் தாண்டியிருந்தது. எந்த உலையும் இல்லாமலே 6 டிகிரி. இதைக் காட்டியதும் ஒருவர், "அப்படியென்றால் உலையின் 7 டிகிரி பெரிய விஷயமே இல்லையே" என்றார். அப்படி இல்லை. கடல் ஆறு டிகிரி ஏற மாதங்கள் எடுத்துக்கொள்கிறது. உலைநீர் குழாயைத் தாண்டும் நேரத்தில் ஏறிவிடுகிறது. அதோடு, கோடையில் ஏற்கெனவே விளிம்பில் நிற்கும் உயிர்களுக்கு ஒரு டிகிரியே அதிகம். மன்னார் வளைகுடாவின் இந்த மண்டபம் பக்கத்தில் 2010இலும் 2016இலும் பவளப்பாறைகள் வெளுத்தபோது அருகே உலை ஏதும் இல்லை, காரணம் கோடைச் சூடுதான். தையில் தாங்கும் 7 டிகிரியும் சித்திரையில் தாங்கும் 7 டிகிரியும் ஒன்றில்லை. ஆண்டு சராசரியை வைத்துக் கழித்தால் இது மறைந்துவிடும். மாதத்துக்கு மாதம்தான் கழிக்க வேண்டும்.

அறிக்கை கொடுத்த பிறகு கல்லை எடுக்கப் போனோம். இரண்டு கிடைத்தன. மூன்றாவதன் போயா எப்போதோ அறுந்து போயிருந்தது. அண்ணன் இரண்டு முறை முங்கிப் பார்த்துவிட்டு மேலே வந்து படகு விளிம்பைப் பிடித்துக்கொண்டு மூச்சு வாங்கினார். வாக்குக் கொடுத்தேனே என்றேன்.

"கெடந்தா கெடக்கட்டும் தம்பி. கணவா வந்து முட்டை வைக்கும்."

நான் நோட்டில் 'மூன்றாம் இடம், கருவி கிடைக்கவில்லை' என்று தேதியோடு எழுதிக்கொண்டேன்.